மும்மொழிப் படிவங்களின் எழுத்துரு பற்றி அரச அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், பிரதேச செயலகங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றில் மும்மொழிப் படிவங்களையும் பெயர்ப்பலகைகளையும் இணையத்தளங்களையும் தயாரிப்போருக்கும், அவற்றுக்கு ஒப்பமிடுவோருக்கும்,

வணக்கம்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆங்கிலம் இணைப்பு மொழியானது. ஒரே தாளில் மூன்று எழுத்து முறைகள் நிற்க வேண்டிய நாடு இது. ஆனால் அந்தத் தாளைத் தட்டச்சு செய்யும் கணினியில் இன்றும் சிங்களத்துக்கு எஃப்எம் அபய, தமிழுக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருக்கள் இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. இவை இரண்டையும் புதிய ஆவணங்களில் இன்றோடு நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோட் முறையில் அமைந்த, கட்டற்ற எழுத்துருக்களுக்கு மாறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

பாமினியின் கோளாறு அழகில் இல்லை, அடியில் இருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் அந்த ஐந்து குறிகளே வரும். கூகுளில் தேடினால் அகப்படாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை ஆங்கிலமாகவே உளறும். அரசு தன் குடிமகனுக்குத் தமிழில் எழுதிய கடிதம், கணினியின் கணக்கில் தமிழே இல்லை.

மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கூகுளின் நோட்டோ சான்ஸ், நோட்டோ சான்ஸ் சிங்களம், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய மூன்று யுனிகோட் எழுத்துருக்களும் ஒரே குடும்பம். நூல், வர்த்தமானி போன்ற நீண்ட வாசிப்புக்கு இவற்றின் ‘செரிஃப்’ (தடிப்பு மாறும் கோடுகள் கொண்ட நூல் எழுத்து) வகைகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தராமல் ஏன் பிரித்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஓப்பன்டைப் என்ற வகை எழுத்துருக் கோப்பு ஒன்றில் 65,535 வடிவங்களுக்கு மேல் அடங்காது. உலகின் எழுத்து முறைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் திணிக்க முடியாது. பிரித்திருப்பதால் நமக்கு நன்மையே: வேண்டிய மூன்றை மட்டும் நிறுவிக்கொள்ளலாம்.

உரிமம் பற்றிய தயக்கமும் வேண்டாம். இவை எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் உரிமம் 1.1இன் கீழ் வருபவை. எத்தனை கணினியிலும் நிறுவலாம், அச்சிடலாம், பலகை வெட்டலாம், பிடிஎஃப்பிலும் செயலியிலும் பொதிக்கலாம். எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. மற்றவருக்குக் கொடுக்கும்போது உரிமக் கோப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ‘இலவசம்’ என்று இணையத்தில் கிடைக்கும் பல எழுத்துருக்கள் சொந்தப் பாவனைக்கு மட்டுமே இலவசம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கேள்வி (டெண்டர்) அறிவித்தலில் ‘இலவச எழுத்துரு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உரிமத்தின் பெயரையே எழுதுங்கள்.

இனி, நிறுவிய பிறகும் தவறுவது எங்கே என்பதைச் சொல்ல வேண்டும். முதல் இடம் வேர்ட். அதன் எழுத்துருப் பெட்டியில் இலத்தீன் எழுத்துக்கு ஓர் இடமும் ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இன்னோர் இடமும் உண்டு. சிங்களமும் தமிழும் இரண்டாவது இடத்தையே பகிர்கின்றன. அங்கே சிங்கள எழுத்துருவை வைத்தால் தமிழுக்கு வேர்ட் தானாக வேறொன்றைத் தேடிப் போடும்; அது கணினிக்குக் கணினி வேறுபடும், படிவம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். எழுத்தின் அளவுக்கும் அங்கே தனி இடம்தான். இலத்தீன் பகுதியை மட்டும் 12 புள்ளிக்கு உயர்த்தினால் தமிழ் 11இலேயே நிற்கும். ஆகவே மொழிக்கொன்றாக மூன்று பத்திப் பாணிகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களையும் நிரப்பி, மொழியையும் குறித்து, அலுவலக வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால் ஒருமுறை செய்த வேலை எல்லாப் படிவத்துக்கும் உதவும். லிப்ரே ஒஃபிஸிலும் இதே கதைதான், அங்கே அந்த இடத்தின் பெயர் சிடிஎல். வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டாதீர்கள். ‘கீ’, ‘மீ’ போன்றவற்றின் மேல்வளைவும் சிங்கள உயிர்க்குறிகளும் வெட்டுப்படும்.

அச்சகத்தில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாவிப்போர் ‘வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கொம்போசர்’ என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால், ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதைக் கண்டு எழுத்துரு பிழை என்று பாமினிக்குத் திரும்பியவர்கள் பலர். பிழை எழுத்துருவில் இல்லை.

சிங்களத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஸ்ரீ லங்கா’ என்று சிங்களத்தில் எழுதும்போது அந்த முதல் எழுத்து சரியாகச் சேர, நடுவே ‘ஜீரோ விட்த் ஜொயினர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்க வேண்டும். இணையப் படிவங்களில் ‘தேவையற்ற’ குறிகளை நீக்கும் வடிகட்டி இதையும் நீக்கிவிடும், நாட்டின் பெயரே உடைந்து தெரியும். தமிழ் ‘ஸ்ரீ’யை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் இரண்டு வேறு சொற்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை முகவரிகள் உள்ள தரவுத்தளம் எதுவானாலும் ஒன்றைத் தெரிவுசெய்து அதையே கடைப்பிடியுங்கள்.

பலகைகளில் தமிழ் நீள்கிறது என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கும் வழக்கம் எங்களை மிகவும் வருத்துகிறது. 75 வீதத்துக்கு நசுக்கினால் நிமிர்ந்த கோடுகளின் தடிப்பும் 75 வீதமாகக் குறையும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். ‘ண’, ‘ன’ போன்றவை தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். பேருந்திலிருந்து வாசிக்கும் முதியவரை நினைத்துப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழின் மாறி எழுத்துருக் கோப்பில் (அகலத்தையும் தடிப்பையும் விரும்பியபடி மாற்றக்கூடிய ஒரே கோப்பு) அகலத்தை 100இலிருந்து 62.5 வரை குறைக்கலாம். அந்தக் குறுகிய வடிவம் எழுத்துருவிலேயே வடிவமைக்கப்பட்டது, நசுக்கியதுபோல் கோட்டின் தடிப்புக் கெடாது. மூன்று மொழிகளும் ஒரே உயரமா என்று அறிய, சிங்களக் ‘க’வையும் தமிழ்க் ‘க’வையும் ஆங்கிலச் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒரே புள்ளி அளவு என்பது ஒரே உயரம் அல்ல.

பழைய கோப்புகளை மாற்றும்போது மிகுந்த கவனம் வேண்டும். பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது ‘இ’. முழு ஆவணத்தையும் பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் கொட்டினால், ‘23,450’ ரூபாய் ‘23இ450’ ஆகும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் வரும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் பாமினி எழுத்துருவை நிபந்தனையாகக் கொடுத்து, அதில் அமைந்த பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். பிறகு தொகைகளையும் இலக்கங்களையும் மூலத்தோடு ஒருவர் ஒப்பிட்டே ஆக வேண்டும். ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே நிற்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள்.

பிடிஎஃப் வெளியிடும் முன் எழுத்துருவைப் பொதிந்து, ஒரு பத்தியைப் பிரதிசெய்து நோட்பாடில் ஒட்டுங்கள். யுனிகோடிலிருந்து செய்த பிடிஎஃப்பிலும் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றின் கொம்பு இடம்மாறி வரலாம். வந்தால் அதே உள்ளடக்கத்தை இணையப் பக்கமாகவும் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு பத்தியிலும் அது எந்த மொழி என்று உலாவிக்குச் சொல்லும் மொழிக்குறி இருக்க வேண்டும், எழுத்துருக்கள் உங்கள் வழங்கியிலிருந்தே (சேர்வர்) வர வேண்டும்.

அடுத்த படிவத்தின் மாதிரித் தாள் கையொப்பத்துக்கு வரும்போது, அதன் மின்கோப்பையும் கேட்டு வாங்கி, அதன் தேடல் பெட்டியில் ‘திணைக்களம்’ என்று யுனிகோடில் தட்டச்சு செய்து தேடுங்கள். சொல் அகப்படாவிட்டால் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
எழுத்துரு, அச்சு, இணைய வடிவமைப்புப் பணிகளில் உள்ளோர்