கடற்படைத் தள இலிகிதர்களின் பதக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு குறித்துத் தங்கள் வார இதழில் வெளியான கட்டுரை, 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியது முதல் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது வரை, கப்பல்களையும் தளபதிகளையும் பற்றி நிறைவாகவே பேசுகிறது. அந்தக் கப்பல்களுக்கு ஏற்றப்பட்ட கயிறு, கித்தான், வண்ணப்பூச்சு, எண்ணெய் அனைத்துக்கும் வரவு, செலவு, இருப்பு எழுதிவைத்த இலிகிதர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

என் அம்மாவின் தந்தை அவர்களுள் ஒருவர். சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் கடற்படைப் பண்டகசாலையில் கீழ்நிலை இலிகிதராகச் சேர்ந்த அவர், 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் கையளிக்கும்வரை அங்கேயே இருந்தார். பேரேடுகளைத் தவிர, நாட்கூலிகளின் வரவுப் பதிவும் அவர் கையில் இருந்தது. 1942 தாக்குதலுக்குப் பின் மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, எவர் திரும்பினார், எவருக்குச் சம்பளம் நிலுவை என்று பழைய பதிவுகளைக் கொண்டு புதிய பட்டியல் தயாரித்ததைத்தான் தம் சேவைக்காலத்தின் கடினமான வேலையாக அவர் குறிப்பிடுவார். போரை அவர் நினைவுகூர்ந்ததெல்லாம் சம்பளப் பட்டியல் வழியாகவே.

ஓய்வு பெற்றபோது அவருக்கு இம்பீரியல் சேவைப் பதக்கம் கிடைத்தது. ஏழாம் எட்வர்ட் மன்னர் 1902 ஓகஸ்டில் ஏற்படுத்திய இந்த மரபில் இரு படிகள் இருந்தன. நிர்வாகத் தரத்து உத்தியோகத்தர்களுக்கு இம்பீரியல் சேவை ஓர்டர். அவர்களுக்குக் கீழே நீண்டகாலம் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பதக்கம். பொதுவாக 25 ஆண்டுச் சேவை வேண்டும். 1920 வரை நட்சத்திர வடிவில் இருந்த பதக்கம் பின்னர் வட்ட வெள்ளிப் பதக்கமாயிற்று. செந்நிற நாடாவின் நடுவே ஒரு நீலக் கோடு. முன்புறம் முடிமன்னர் அல்லது அரசியின் தலை. பின்புறம் வேலை முடித்து அமர்ந்து இளைப்பாறும் ஒரு மனிதன். அவனுக்குக் கீழே விசுவாசமான சேவைக்காக என்னும் பொருள்பட ஆங்கில வாசகம். மேசையில் குனிந்தே காலத்தைக் கழித்த ஓர் இலிகிதருக்கு அந்த உடலுழைப்பாளியின் உருவம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விடயம். பெற்றவரின் பெயர் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய பதக்கங்கள் அடிமைத்தனத்தின் சின்னங்கள் என்று கருதுவோர் உண்டு. மேலோருக்கு ஒன்று, கீழோருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்ததே ஆட்சியாளரின் மனப்பாங்கைக் காட்டப் போதுமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தத் தளத்தில் உழைத்த உள்ளூர் மக்களுள் பலருடைய பெயர் வேறெங்கும் நிலையாக எழுதப்படாதபோது, விளிம்பில் பெயர் தாங்கிய ஒரு பதக்கம் ஆவணமாகிவிடுகிறது. தளம் கைமாறியபோது வேலை இழந்த தொழிலாளருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி அறிய இலிகிதர்களின் வீடுகளில் எஞ்சிய குறிப்பேடுகளையும் கடிதங்களையுமே நாட வேண்டியிருக்கிறது.

ஆகவே, திருகோணமலையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் தங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பதக்கம் வீட்டில் இருந்தால், வெள்ளியின் எடைக்கு விற்றுவிட வேண்டாம். பளபளப்பாக்கத் தேய்க்கவும் வேண்டாம், விளிம்பெழுத்து மங்கிவிடும். பெயரையும் பதவியையும் குறித்து, இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, உடனிருந்த கடிதத்தோடு வையுங்கள். இப்பதக்கம் பெற்றோரின் பெயர்கள் இலண்டன் வர்த்தமானியில் வெளியிடப்பட்டுவந்தன. அதன் பழைய இதழ்களை இன்று இணையத்திலேயே தேடலாம். திருகோணமலையில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இயங்கும் கடல்சார் அருங்காட்சியகத்தில், தளத்தின் குடிசார் ஊழியருக்கென ஒரு காட்சிப் பேழை ஒதுக்கப்பட்டால் என் பாட்டனாரின் பதக்கத்தையும் இரண்டு குறிப்பேடுகளையும் ஒப்படைக்க எங்கள் குடும்பம் ஆயத்தமாக உள்ளது. இதே எண்ணமுள்ள குடும்பங்கள் தங்கள் பத்திரிகைக்கு எழுதினால், அவ்விபரங்களைத் தொடர்ந்து வெளியிட்டு உதவுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பண்டகசாலை இலிகிதர் ஒருவரின் பேரன்,
திருகோணமலை