பள்ளிச் சிறுவர் நாடகச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. விடுமுறைப் பயிற்சி முகாம் நடந்தேறியது. சிறுவர், இளையோருக்கான உலக நாடக நாளான மார்ச் 20 அன்று ஆண்டு விழா நடந்தது.

இவ்வாண்டு மனப்பாட வசனத்தைக் கைவிட்டோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்பதால் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வசனத்தை ஒப்பிக்கும் குழந்தை எதிரே நிற்பவர் பேச்சைக் கேட்பதில்லை. தன் முறை எப்போது என்றே காத்து நிற்கும். ஒரு சொல் மறந்தால் கண் பக்கத்திரைக்குப் போய்விடும், காட்சி அங்கேயே நின்றுவிடும். இப்போது கதையை 5, 6 நிகழ்வுகளாகப் பிரித்து, யார் யாரிடம் என்ன கேட்டு வந்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறோம். பேச்சு குழந்தைகளுடையது. மூன்று நான்கு ஒத்திகையில் வசனம் தானாகப் படிந்த பிறகே எழுதி வைக்கிறோம்.

30 பேரை ஐந்தைந்து பேராகப் பிரிப்பது அவசியம். பெரிய குழுவில் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள்.

‘சத்தமாப் பேசு’ என்றால் குழந்தை தொண்டையை இறுக்கிக் கத்தும். இருவரை எதிரெதிரே நிறுத்தி, வாக்கியத்துக்கு ஓரடி பின்வாங்கிப் பேச வைக்க வேண்டும். கடைசி வரிசைத் தூரம் வருவதற்குள் மூச்சை ஆழ இழுத்துப் பேசப் பழகிவிடும். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

உடை ஒத்திகையை ஒரு வாரம் முன்பே வைக்கச் சொன்னேன், நடக்கவில்லை. விழாவன்று முதன்முதலாக நீள அங்கி போட்ட அரசர் படியேறும்போது நுனியை மிதித்தார். கிரீடம் முன்வரிசை வரை உருண்டது. ஒட்டுமீசைப் பசையையும் முந்தின நாளே கையில் தடவி, அரிக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ஒத்திகையில் குழுவுக்கு ஒரு பெரியவர் வேண்டும். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. விழாவன்றோ மேடைக்குப் பின்னால் நிற்க இடமில்லை! ஆள் வராத குழுக்களின் காட்சிகள் கடைசி வரை ஒட்டவில்லை. அது குழந்தைகளின் குறை அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார். ஒலிபெருக்கி, துணிச் செலவு போகச் சிறு கையிருப்பு உள்ளது. இருமுறை நினைவூட்டியும் சந்தா பாக்கி நிற்கிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அரங்கம் தந்த நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 6 குழுவுக்கு 6 பெரியவர்கள் கிடைக்காவிட்டால் 4 குழுவோடு நிறுத்த வேண்டியிருக்கும். 10 குழந்தைகளுக்கு இடமில்லை என்று சொல்ல நேரும். பெயர்ப் பட்டியல் மேசையில் இருக்கிறது. எந்தக் கிழமை மாலை வர இயலும் என்பதையும் பெயருக்கு எதிரே குறித்துவிடுங்கள்.

செயலாளர்