ஆள்மாறாட்டப் படம் ஒன்று

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'கைபா' என்கிற ஜப்பானியப் பொம்மைப் படத் தொடரின் 12 பகுதியையும் பார்த்து முடித்தாயிற்று. அம்மா மூன்றாவது பகுதியில் எழுந்து போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை, "பொம்மைப் படம்னு சொல்லி இதையா போட்டுக் காட்டுவாங்க" என்று கோபம் என்மேல். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே வருவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இடிந்துபோன ஓர் இடத்தில் ஒரு பையன் கண் விழிக்கிறான், நெஞ்சில் பெரிய ஓட்டை, கழுத்தில் ஒரு பெண்ணின் படம் வைத்த லாக்கெட், தான் யார் என்றே அவனுக்குத் தெரியாது, அவன்தான் கைபா. அந்த உலகத்தில் நினைவைத் தனியே எடுத்து கம்ப்யூட்டர் சிப் மாதிரி ஒரு சில்லில் வைத்துக்கொள்ளலாம், வேறு உடம்பில் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காத நினைவை நீக்கலாம், அடுத்தவனுடையதைத் திருடலாம். வசதி உள்ளவர்கள் மேகத்துக்கு மேலே இருக்கிறார்கள், இல்லாதவர்கள் கீழே, நடுவில் இருக்கிற அந்த மேகத்தில் புகுந்தால் நினைவு போய்விடும். உடம்புக்குச் சந்தை இருக்கிறது. ஏழை விற்கிறான், பணக்காரன் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப்பதிவு ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு இதைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றும், சொல். ஒரு வில்லங்கச் சான்று கூட எடுக்காமல் இப்படி வாங்குகிறார்களே என்றுதான்!

படம் வரைந்திருக்கிற விதத்தை நீ ஏற்கெனவே புகழ்ந்திருந்தாய், நான் நம்பவில்லை. உருண்டைக் கண்ணும் மொட்டைக் கையுமாக, சின்ன வயதில் தூர்தர்ஷனில் நீ பார்த்த கார்ட்டூன் மாதிரிதானே இருக்கிறது, இதில் என்ன புதுமை என்று நினைத்தேன். தேடிப் படித்ததில், இயக்குநர் மசாக்கி யுவாசா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருப்பார் என்று தோன்றுகிறது. உருவங்களை வடிவமைத்தவர் நொபுடாகே இடோ. தயாரித்த மேட்ஹவுஸ் கம்பெனியை 1972இல் தொடங்கியவர்கள், 'ஆஸ்ட்ரோ பாய்' எடுத்த ஒசாமு தெசுகாவின் ஸ்டுடியோவிலிருந்து வந்தவர்கள், அந்தப் பழைய ஜப்பானிய உருண்டை உருவங்கள் அவர்களுக்குச் சொந்த வீட்டுச் சொத்து. கோடு குறைவாக இருப்பதால் உருவத்தை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், வீங்க வைக்கலாம், உருக்கலாம், நம் கண் தடுக்காது. முகத்தில் மயிர்க்கால் வரை வரைந்து வைத்திருந்தால் ஒரு பையன் நீர்யானைப் பொம்மைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நடமாடுவதை நாம் சும்மா சிரித்து விட்டிருப்போம், இங்கே சிரித்தபடியே நம்பிவிடுகிறோம். 2008இல் ஜப்பானில் காசு கட்டிப் பார்க்கிற வாவ்வாவ் சேனலில்தான் இது வந்திருக்கிறது, குழந்தைகளுக்காக எடுத்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அது இன்னும் மோசம் என்றாள்.

அந்த மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். குரோனிகோ என்கிற சின்னப் பெண், காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ், சித்தி வீட்டில் வளர்கிறாள், வீட்டுக்கு வழியில்லை, அதனால் தன் உடம்பை விற்க ஒப்புக்கொள்கிறாள். நினைவைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள், பிறகு வேறு உடம்பு கிடைக்கும் என்று நம்பிச் சிரித்துக்கொண்டே போகிறாள். எடுத்து வைப்பதாவது! சில்லை அழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் அவள். பிறகு கைபா அந்தச் சித்தியின் நினைவுக்குள் நுழைந்து பார்க்கிறான், அங்கே இந்தக் குழந்தைமேல் அவள் வைத்திருந்த பாசம் அப்படியே கிடக்கிறது, அவளே அதைக் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவளைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் வாயை மூடிவிட்டேன். அன்று அதற்குமேல் பார்க்கவும் இல்லை.

இதைச் சொல்லித்தான் உன்னோடு சண்டை போட வந்தேன். "ஞாபகம்தான்ப்பா ஆளு, உடம்பு எதுவா இருந்தா என்ன" என்று அன்றைக்கு அடித்துப் பேசினாயே, தொடர் அப்படிச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆபீசில் யாரிடமும் "உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது" என்று கேட்டதே கிடையாது. எழுதிக்கொடுப்பவரின் கட்டைவிரல் ரேகை வேண்டும், இவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்ட இரண்டு சாட்சி வேண்டும். ரேகை உடம்பு. சாட்சி, நம்மைத் தெரிந்த அடுத்த மனிதர்கள். மறதி வந்த பெரியவர்களையும் கூட்டிவருவார்கள், பிள்ளை பெயரே தெரியாது, ஆனாலும் வரிசையில் நின்ற யாரும் அவரை வேறு ஆள் என்று சொன்னதில்லை. (கையெழுத்து வாங்கலாமா கூடாதா என்பது வேறு சண்டை, அதில் நிறைய வயிற்றெரிச்சல் உண்டு, இங்கே வேண்டாம்.) குரோனிகோவுக்கு சில்லு போனது மட்டுமா கொடுமை? அவளைத் தெரிந்த ஒரே சாட்சியும் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கைபாவுக்கோ ஊரில் ஒரு சாட்சி கிடையாது, லாக்கெட்டில் இருக்கிற அந்த ஒரு பெண்ணைத் தவிர. அவளைத் தேடித்தானே கிரகம் கிரகமாக அலைகிறான்.

பின்பாதியில் ராஜா, புரட்சிக்கூட்டம், நினைவுகளைத் தின்கிற பிரம்மாண்டச் செடி என்று எல்லாம் வருகிறது. எனக்குப் பாதிதான் ஒட்டியது. முன்பாதியில் கிரகத்துக்கு ஒரு குடும்பம், ஒரு கதை என்று போகிற அழகு அதில் இல்லை, அவசரமாக முடிச்சுகளை அவிழ்க்கிறார்கள். நீ கடைசிப் பகுதிக்கு அழுதேன் என்றாய், எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை.

ஆனால் வனில்லாவை விட முடியவில்லை. விண்கப்பலில் வருகிற அந்தத் தடித்த போலீஸ்காரன்தான். குரோனிகோ விற்ற அந்த உடம்புக்குள் கைபா புகுந்துகொண்டு இருக்கும்போது அவள்மேல் ஆசைப்பட்டு, வழிந்து, கோமாளி மாதிரி திரிந்து, கடைசியில் அவளுக்காக இருந்ததையெல்லாம் பணயம் வைத்துவிடுகிறானே, அவன் யாரை நேசித்தான்? செத்துப்போன அந்தப் பெண்ணையா, அவளை அவன் ஒருநாளும் பார்த்துப் பேசியதில்லை. உள்ளே இருந்த பையனையா, அது அவனுக்குத் தெரியவே தெரியாது. உன் கணக்குப்படி அது ஏமாந்தவன் கதை, பதிவு ஆபீஸ் கணக்குப்படி சுத்தமான ஆள்மாறாட்டம், ஆனால் அவன் கொடுத்தது பொய் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

பதில் நாலு வரியாவது எழுது. வாட்ஸாப்பில் வெறும் கட்டைவிரல் படம் போட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்கும் சாட்சி கேட்பேன்.

அன்புடன்,
அப்பா