வாய்க்காலை மூடிவிட்டு வயல் எப்படிப் பிழைக்கும்?

ஆசிரியருக்கு,

சென்னையை ஒட்டிய படப்பை பக்கம் எங்கள் ஊரில், போன தையில் அறுப்பு முடிந்த வயலில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் வரிசையாக நிற்கிறது, ஏரி மதகிலிருந்து வந்த வாய்க்காலையும் செம்மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதற்குக் கீழே நாலு பேர் இன்னும் நெல் போடுகிறார்களே, தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக்கினார்கள். சரி, நகரம் வளரட்டும், ஆனால் அதற்குள் ஏராளமான ஏரிப்பாசனக் கிராமங்கள் இருக்கின்றன. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுவருடமே அதே மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்துவிட்டது. (நானும் மனை வாங்கி வீடு கட்டியவன்தான், மறைக்கவில்லை.)

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது மாஸ்டர் பிளானில் (நில உபயோகத் திட்டம்) ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலங்களை சர்வே எண்ணோடு விவசாய மண்டலமாகக் குறிக்க வேண்டும். அப்புறம், வாய்க்காலை மூடியவர்களே அதைத் தோண்டித் தரவேண்டும், இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக.

ஒரு வாசகர், படப்பை