மகாராணி வந்த கதை

அன்புள்ள டிரைவருக்கு,

கிளீனர் எழுதுவது. திட்ட வேண்டியதை முதலிலேயே திட்டி முடித்துவிடு. புது டிராக்டர் மகாராணி வந்த அன்றே எழுதுகிறேன் என்று சொன்னவன் இரண்டு மாதமாக மூச்சுக் காட்டவில்லை. நீயும் இரண்டு தடவை கேட்டுவிட்டாய். காரணம் சொல்லட்டுமா? வெட்கம். "இங்கே கிடைக்கிற வண்டி ஆகாதா, கடல் தாண்டித்தான் வர வேண்டுமா?" என்று நீ கேட்டபோது நான் அடித்த அரைமணி நேரச் சொற்பொழிவு எனக்கே மறக்கவில்லை, உனக்கா மறந்திருக்கும்? அப்படிப் பேசிவிட்டு, வாங்கின வண்டி வரப்போரத்தில் நின்றுபோய்க் கிடக்கிறது என்று எந்த முகத்தோடு எழுதுவது?

வீட்டில் எல்லாரும் சுகம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அதைச் சாக்கு வைத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்வது மட்டும் கூடியிருக்கிறது. பெரியவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அங்கேயும் எல்லாரும் சுகம்தான் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கன்டெய்னரைத் திறக்கும்போது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போய் நின்றேன். போயிருக்கக் கூடாது. உள்ளே இருந்தது டிராக்டர் இல்லை, டிராக்டர் மூட்டை. சக்கரங்கள் தனி, தலைக்கு மேல் வரும் பாதுகாப்புக் கம்பி தனி, முன்னால் மாட்டும் எடைக் கட்டிகள் தனி. உப்புக் காற்றுக்குப் பயந்து உடம்பெல்லாம் மெழுகு. படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் ஒட்டே இல்லை. இரண்டு நாளில் கோத்து, கழுவி, பளபளவென்று வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கியவர்களுக்கு அவசரம். ஒப்படைக்கும் முன் பார்க்க வேண்டியவை என்று ஒரு தாள்: எண்ணெய் அளவு, சக்கர நட்டு, டயர் காற்று, பேட்டரி முனை, பிரேக்கு. எல்லாவற்றுக்கும் நேரே முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. நானும் கையெழுத்தைப் போட்டேன். உன்னோடு சேர்ந்து எத்தனை வண்டி பார்க்கப் போயிருப்பேன்! என் வண்டிக்கு ஒரு தடவை குனியவில்லை. புதுப் பெயின்ட் வாசனையில் புத்தி மயங்கிவிட்டது. இந்தப் பெயின்டை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

கையேடு ஐந்து மொழியில் இருக்கிறது, ஐந்தில் ஒன்றுகூட நமக்கு உதவாது. லீவர்களில் எழுத்தே இல்லை, எல்லாம் படம்தான். மெதுவாகப் போக ஆமை, வேகமாகப் போக முயல். நம் வாத்தியார் அந்தக் கதையைச் சொன்னபோது நீ கேட்ட கேள்வி ஞாபகம் வந்து, சீட்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டான்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் 'டிக்' என்றது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் கப்பலில் கிடந்த பேட்டரி, இறங்கியிருக்கும் என்று போனில் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் கொட்டகையில் இருந்த பழைய டிராக்டர் கிழவியைக் கிளப்பி வந்து பக்கத்தில் நிறுத்தினேன். (ஆமாம், கிழவியை விற்கவில்லை. நீ நிம்மதியாகத் தூங்கலாம்.) கிழவியின் பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரை மகாராணியின் பேட்டரியிலும், கறுப்பு ஒயரை இன்ஜின் பாடியிலும் மாட்டினேன். தொட்ட மாத்திரத்தில் கிளம்பியது. அந்த ஒரு நிமிடத்தில் முழு விடையும் என் கண் முன்னால்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உழவில் வண்டி தவளை மாதிரி குதித்தது, சக்கரம் சும்மா சுற்றியது. பயணத்தில் ஆடாமல் இருக்க டயரில் காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புகிறார்கள். குறைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் குறைக்கவில்லை. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, வேலைக்கான அளவு இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அப்புறம், கருவிகளை வண்டியோடு மாட்டும் பின். நம் கருவிகளின் கீழ்ப் பின்னெல்லாம் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. மகாராணி ஒரு படி பெரிய ஜாதி. கீழே 28, மேலே 25. இடைவெளியை அடைக்கும் புஷ் போடாமல் மாட்டினால் கலப்பை லொடலொடவென்று ஆடுகிறது.

இதைவிட மோசம் கருவிக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹைட்ராலிக் ஹோஸ். அரை அங்குலக் குழாய் மரையில் இரண்டு வகை இருக்கிறதல்லவா, பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.பி. ஒன்று, அமெரிக்க அளவான என்.பி.டி. ஒன்று. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் சமர்த்தாக ஏறிக்கொள்ளும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 பாகை, மற்றதற்கு 60. எவ்வளவு முறுக்கினாலும் கசியும். முறுக்கு முறுக்கென்று முறுக்கி ஒரு அடாப்டரை உடைத்த பெருமையும் என்னுடையதே. ஏறாமலே இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்!

தார் ரோட்டில் நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டே ஓட்டி வந்ததையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அண்ணன் உன்னிடம் போட்டுக்கொடுப்பார். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு முந்தி உருளும்படிதான் செய்திருக்கிறார்கள். உழவு மண்ணில் அந்த வித்தியாசம் சறுக்கிச் சரியாகிவிடும். ரோட்டில் சறுக்க இடமில்லாமல் கியர் பல்லும் அச்சும் அதை வாங்கிக்கொள்ளும். திருப்பும்போது வந்த முனகலைப் புது வண்டிச் சத்தம் என்று நினைத்து ரசித்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல்தான் பெரிய கதை. வண்டி நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று. இருமல் இல்லை, புகை இல்லை. கிழவி நிற்பதாக இருந்தால் அரைமணி முன்னாலேயே முனகிச் சொல்லும், நாமும் காதால் கேட்டே டீசலா காற்றா என்று சொல்லிவிடுவோம். இது டேஷ்போர்டில் நாலு எண்களைக் காட்டிவிட்டுச் செத்துப்போகிறது. பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். ஒரு நாள் மூன்று தடவை, அடுத்த நாள் ஒன்றுமே இல்லை. விற்றவர்களைக் கூப்பிட்டால், ஆள் வரும் நாளில் மட்டும் சமர்த்தாக ஓடும். "நீங்க ஓட்டுற விதத்துல இருக்கும் சார்" என்றான் ஒரு பையன். என்னைப் பார்த்து! நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி டிராக்டர் சரித்திரமெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி. வாங்கின டிராக்டர் சொன்னபடி வேலை செய்யவில்லை. மனுஷன் சட்டசபையிலும் உறுப்பினர். அந்த மாநிலத்தில் எந்த மாதிரி டிராக்டரை விற்பதானாலும் முதலில் சோதித்துத் தேற வேண்டும் என்று 1919இல் சட்டமே கொண்டுவரச் செய்துவிட்டார். 1920இலிருந்து அங்கே பல்கலைக்கழகத்தில் சோதனை நடக்கிறது. அவர் சட்டம் போட்டார், நான் உனக்குக் கடிதம் போடுகிறேன். அவரவர் சக்திக்கு ஏற்றபடி.

சரி. சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட், ஓடும்போது ஓட்டுகிறவன் எழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். பள்ளம் மேட்டில் உடம்பு எழும்பினாலே சுவிட்ச் விட்டுவிடுகிறது, அதனால்தான் நிற்கிறது என்று ஊகித்தார் ஒரு மெக்கானிக். விரல் நீள ஒயரை எடுத்து சுவிட்சின் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டோம். சேர்த்துவிட்டோம் என்ன, நான்தான் சேர்த்தேன், அவர் டார்ச் பிடித்தார். அன்று முழுக்க நிற்கவில்லை. மறுநாள் மறுபடி நின்றது. சுவிட்ச் காரணமில்லை என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அந்த ஒயரை எடுக்க மறந்துவிட்டேன்.

அதற்குள் ஒரு மாதமாக எனக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருந்தது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் கொடி சுற்றினால் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே எழுந்து இறங்குவது. இறங்கினால் அது தானே நின்றுவிடும் அல்லவா? அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன். பின்னால் போய்க் குனிந்தேன். இன்ஜின் ஓடுவது காதில் விழுகிறது, ஆனால் மனதில் ஏறவில்லை. ஷாஃப்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடு பழசு, பாதி உடைந்தது. சட்டைக் கையின் நுனி அதில் உரசி விலகியது. உரசியது மட்டும்தான். நிமிடத்துக்கு 540 சுற்று, டிரைவர். நொடிக்கு 9. 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் கை முழுக்கச் சுற்றி முடிந்திருக்கும்.

வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் உன் பெரியப்பாதான். மடித்துப் பின் குத்திய அவருடைய வலது சட்டைக் கை. சின்ன வயதில் அதைப் பார்த்து நாம் அடித்த கேலி. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நிறுத்தவும் பயம்.

அன்று சாயங்காலமே ஒயரைப் பிடுங்கினேன். மறுநாள் ஷாஃப்டுக்குப் புதுக் கூடு. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம்கூட. உன்னிடம் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். டயர், பின், மரையெல்லாம் இங்கே வந்து சேர்வதற்குச் சுற்றிய சுற்று. பெரியப்பாவிடம் சொல்லாதே.

மீதியையும் கேள். அந்தப் பயத்தில்தான் நம் ஷாக் பயலைக் கூப்பிட்டேன். முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம், அவனிடம் ஒரு சந்தேகம் கேட்டால் ஆறு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவான், உனக்கே தெரியும். கதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "முதல் நாள் கிழவிகிட்டேருந்து கரன்ட் எடுத்தப்ப கறுப்பு ஒயரை எங்கேடா மாட்டினே?" இன்ஜின் பாடியில் என்றேன். "அப்பவே தெரிஞ்சிருக்கணுமேடா!" என்றான். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னான். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் காட்டியது. பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் கண்ணாடி மாதிரி பெயின்ட்! பெயின்டின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். மரை வழியாகக் கொஞ்சம் கரன்ட் போவதும் வராததுமாக இருந்திருக்கிறது. முதல் நாள் கறுப்பு ஒயர் இந்தப் பட்டையின் வேலையைச் செய்ததால்தான் வண்டி உடனே கிளம்பியிருக்கிறது. விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து இழுத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வோல்ட் இறங்கி, இன்ஜினை நிறுத்திவிடும். உப்புத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்து மாட்டினேன். பதினைந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதே சந்தேகத்தில் சக்கர நட்டுகளைச் சோதித்தால் மூன்று தளர்ந்திருந்தன. அங்கேயும் அடியில் இருந்த பெயின்ட் நசுங்கி இடம் கொடுத்திருக்கிறது. விற்றவர்களுக்கு எல்லாவற்றையும் போட்டோவோடு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை, வந்தால் படிக்கத் தருகிறேன்.

இப்போது மகாராணி நன்றாகவே உழுகிறாள். அண்ணன் மட்டும், "புது வண்டி, பொத்திப் பொத்தி ஓட்டு" என்கிறார். அப்படி ஓட்டினால்தான் கெடுதல். சுமை கொடுத்தால்தான் பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோடு படியும். சொன்னால் கேட்பதில்லை.

மணி மீட்டர் 43 காட்டுகிறது. 50இல் முதல் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஃபில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பானரை உன் வண்டிக்கு என்று வாங்கிப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஸ்பானரைத் தபாலில் அனுப்பாதே. கையோடு எடுத்துக்கொண்டு வா.

உன்,
கிளீனர்