அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை, அண்ணே

அண்ணே,

நேற்று எட்டு போட்டேன். கியர் வண்டியில், காலை ஒரு தடவைகூடக் கீழே ஊன்றாமல். லைசென்ஸ் தபாலில் வரும். கும்பகோணம் வீட்டுக்கு வந்ததும் உனக்குத்தான் போன் போட எடுத்தேன், உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் "சரி பாப்பா, சந்தோஷம்" என்று முடித்துவிடுவாய். எனக்கு அது போதாது. அண்ணி இதைப் படிப்பார்கள், அத்தை வீட்டில் படிப்பார்கள், ஊரில் பாதிப்பேர் படிப்பார்கள். அதனால் சிலதை எழுதப் போவதில்லை. எதையென்று உனக்குத் தெரியும்.

அப்பா போய் இந்த மாசியோடு ஒரு வருஷம். அவர் இருக்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று நமக்குள் ஒரு பேச்சு இருந்தது. இனி யாருக்காக மறைக்க வேண்டும்? 2007-இல் அன்றைக்கு ஸ்ப்ளெண்டரை ஓட்டினது நான். பின்னால் உட்கார்ந்திருந்தது அண்ணன். படிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

"மேட்டூரை மூடட்டும், அப்புறம் கற்றுத்தருகிறேன்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாய். ஜூன் 12 திறந்தால் ஜனவரி 28 மூடுவது கணக்கு. வெண்ணாற்றில் தண்ணீர் ஓடும்போது புதிதாக ஓட்டுகிறவளைக் கரைச் சாலையில் விடக் கூடாது, விழுந்தாலும் மணலில் விழட்டும் என்று அவ்வளவு தூரம் யோசித்தவன் நீ. ஆனால் ஆறு வற்றுகிற நேரத்தில்தான் சம்பா அறுப்பும் என்பதை நாம் இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிற நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, களம் போதாது, ஆகவே ஊர் நெல் முழுக்கத் தார்ச்சாலையில்தான் காய்ந்தது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. கிளட்சைக் கோழிக்குஞ்சைக் கீழே விடுகிற மாதிரி விடு என்றாய், இன்றைக்கும் அப்படித்தான் விடுகிறேன். நான்கு கியரும் முன்னால் மிதிக்கிற வண்டி, செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரல் கன்றிப்போய் இருந்தது, உன்னிடம் சொன்னால் நிறுத்திவிடுவாயோ என்று சொல்லவில்லை.

மூன்றாவது நாள். மூன்றாவது கியர், முள் முப்பதைத் தொட்டிருக்கும். சாலையின் இடது பாதி முழுக்க நெல், ஓரத்தில் கல்லும் கருவேல முள்ளும் வைத்து அணைத்திருந்தார்கள். நெல்லுக்கு நடுவில் ஓர் ஆயா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. அது நடந்த இடமெல்லாம் சீப்பு போட்டு வாரின மாதிரி கோடு கோடாக இருந்தது. நீ பின்னாலிருந்து "ஆயாவைப் பாரு, ஆயாவைப் பாரு" என்று கத்தினாய். பார்த்தேன். ஆயாவை மட்டும்தான் பார்த்தேன். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன், வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பயந்துபோய் இன்னும் வலது பக்கம் திருப்பினேன், இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. முன் சக்கரம் நெல்லில் ஏறினதும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். நீ இடது காலை ஊன்றினாய்.

ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றது வேண்டாம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் பாப்பா இடது பக்கம் திருப்பினே?" வலது பக்கம்தான் திருப்பினேன் என்றேன். "பொய் சொல்லாதே." அவ்வளவுதான். அப்பா வந்ததும் "நான்தான் ஓட்டினேன்" என்று நீ சொல்லிவிட்டாய். எனக்காகப் பொய் சொன்ன அதே வாயால், அதே அரை மணி நேரத்தில், என்னைப் பொய் சொல்கிறாய் என்றாய். முதலாவதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராமல் போனதே இரண்டாவதால்தான்.

போன மாதம் இங்கே எனக்குக் கற்றுக்கொடுக்கிற அக்கா, காலி மைதானத்தில் முப்பதில் நேராகப் போகச் சொல்லி, வலது கைப்பிடியை உள்ளங்கையால் லேசாக முன்னால் தள்ளு என்றார். வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் சக்கரம் இடது பக்கம்தானே திரும்பும்? ஆனால் வண்டி வலது பக்கம் சாய்ந்து வலது பக்கமே போனது. மறுபடி தள்ளினேன், மறுபடி வலது பக்கம். வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிட்டு அழுதேன், அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

நடக்கிற வேகத்தில் போகும்போது ஹேண்டிலைத் திருப்பின பக்கம் வண்டி போகும். வேகம் கூடினால் வண்டி சாய்ந்துதான் திரும்பும். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் சக்கரம் நமக்கு அடியிலிருந்து வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது, மேலே நாம் இடது பக்கம் சரிகிறோம், வண்டியும் அந்தப் பக்கமே போகிறது. ஓட்டிப் பழகினவர்கள் கை இதைத் தானாகச் செய்துவிடும், என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள். இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று வில்பர் ரைட் எத்தனையோ சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தாராம், கேட்டதும் முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருத்தர்கூட இல்லையாம். உன் கைக்குத் தெரிந்தது உனக்கே தெரியாது, எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பாய்? அதில் உன்மேல் தப்பே இல்லை.

ஆனால் என்னை நம்பியிருக்கலாம். கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் வைத்து, "மாப்பிள்ளே, இவ கையில வண்டியை மட்டும் கொடுத்துடாதீங்க" என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார், ஆனாலும் கொடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு மழையில் நடத்திக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். கோபம் இருந்தது அண்ணே. இப்போதும் இருக்கிறது.

அந்த வருஷம் நீ எதற்காக ஓடிக்கொண்டிருந்தாய் என்பதை இங்கே எழுத மாட்டேன். 1500 மீட்டர், 7 நிமிடம். விடிவதற்கு முன்னால் ஆற்று மதகு இருக்கிற சட்ரஸிலிருந்து அதே கரையில் நீ ஓடுவாய், நான் அப்பாவின் கைக்கடிகாரத்தை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசியாகப் பார்த்தபோது ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலே. மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டு "எவ்வளவு, எவ்வளவு" என்றாய். அந்தக் கை கனத்தை நான் மறக்கவில்லை. ஹேண்டில் விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை, அது நிஜம். முன் பிரேக்கைத் தொடாதே என்று முதல் நாளே நீ சொல்லியிருந்தாய், நான் பிடித்தேன், அதுவும் நிஜம். அதற்கு என்னை மன்னித்துவிடு. இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், என் வண்டியில். வெயில் ஏறுவதற்கு முன்னால் கரைச் சாலையில் ஒரு நடை போய் வரலாம், சட்ரஸ் வரைக்கும். நீ பின்னால் உட்கார வேண்டும். கால் மடங்காது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பாய். பின்னால் கால் வைக்கிற இடம் எந்த வண்டியில் தாழ்வாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துத்தான் இதை வாங்கினேன். நெல் காயப்போட்டிருப்பார்கள். கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டியும் போகும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதனால் ஏதாவது குறுக்கே வந்தால், அதைப் பாரு என்று கத்தாதே. எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அதைச் சொல்லிக் கத்து.

பாப்பா