கோழிகளுக்குக் கொடுக்கப்படும் அன்ரிபயோட்டிக் மருந்துகளை ஒழுங்குபடுத்தக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், மண்முனை மேற்கு, வவுணதீவு.

ஐயா / அம்மணி,

விடயம்: இறைச்சிக் கோழிகளில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள்

மண்முனை மேற்குப் பிரிவில் வீட்டோடு கூடமைத்து இறைச்சிக் கோழி வளர்த்துச் சீவிக்கும் குடும்பங்கள் நாங்கள். எங்கள் சார்பில் இதை எழுதும் நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன். விளக்கம் சற்று நீண்டால் அது என் தொழிற்பழக்கம், பொறுத்தருளவும்.

குஞ்சுகள் வந்து இறங்கும்போதே தண்ணீரில் கலக்கும் அன்ரிபயோட்டிக் தூளும் கூட வந்துவிடுகிறது. மாரி காலத்தில் கூட்டு உமி நனைந்து குஞ்சுகள் சோர்ந்தால் மறுபடியும் அதே தூள். வைரசினால் வரும் இராணிக்கெட் நோய்க்குக்கூட அதைத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். வைரசுக்கும் அந்த மருந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தத் தூள் பெரும்பாலும் ரெற்றாசைக்கிளின் வகையைச் சேர்ந்த ஒட்சிரெற்றாசைக்கிளின், சிலவேளை என்ரோபுளொக்சசின். கடைகளில் வைத்தியரின் சீட்டைக் கேட்பதில்லை.

இதைப்பற்றி நாங்கள் முறையிடும்போதெல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: விற்பதற்குக் குறித்த நாட்களுக்கு முன்பே மருந்தை நிறுத்தினால் இறைச்சியில் மருந்து எஞ்சாது, ஆகவே ஆபத்தில்லை. மருந்து எஞ்சாது என்பது சரி. ஆபத்தில்லை என்பதை எங்களால் ஏற்க முடியாது. மருந்து கோழியின் உடலைவிட்டுப் போய்விடும்; மருந்துக்குத் தப்பிய பற்றீரியா குடலிலேயே தங்கிவிடும். மருந்து எச்சத்தைத் தேடும் பரிசோதனையில் அது அகப்படாது.

அது தப்பும் வழிகளில் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது அவசியம். சல்மொனெல்லா, ஈ.கோலை ஆகிய குடற் பற்றீரியாக்களின் உறையில் புரதத்தாலான பம்பிகள் உள்ளன. ஏசிஆர்ஏபி-ரொல்சி எனப்படுவது அவற்றில் முக்கியமானது. உள்மென்சவ்விலிருந்து வெளிமென்சவ்வு வரை நீளும் அந்தப் பம்பி, உள்ளே புகுந்த மருந்தைப் பிடித்து நேரே வெளியே தள்ளுகிறது. வாவியில் ஓட்டைத் தோணியோடு போகிறவர் கசிவதைவிட வேகமாகத் தண்ணீரை இறைத்துக் கரைசேர்வதைப் போன்றதுதான் இது. மருந்து உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும்; கொல்லும் அளவுக்குச் சேராது. குடலில் பித்த உப்புகளின் நடுவே வாழவேண்டிய பற்றீரியாவுக்கு அந்த உப்பை வெளியேற்றவும் இதே பம்பிதான் உதவுகிறது. அதனால்தான் அது ஒரு மருந்தோடு நின்றுவிடுவதில்லை. ரெற்றாசைக்கிளின், குளோரம்பெனிகோல், மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசின் என ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மருந்துகளையும் வெளியேற்றும். பம்பி உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் மரபணு பழுதானால் பம்பிகள் பெருகும். அப்படிப் பெருகிய பற்றீரியாக்களை, கோழிக்குக் கொடுக்கும் ஒரே மருந்து தெரிந்தெடுத்து வளர்த்துவிடக்கூடும். கோழிக்கு ஒரு மருந்து, மனிதருக்கு வேறு மருந்து, ஆகவே கவலையில்லை என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. ரெற்றாசைக்கிளினை மட்டும் வெளியேற்றும் வேறொரு வகைப் பம்பியும் உண்டு. அதற்கான மரபணு பிளாஸ்மிட் எனப்படும் தனியான சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

1976இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்ருவர்ட் லெவியின் குழு ஒரு பண்ணையில் கோழிகளுக்கு ஒட்சிரெற்றாசைக்கிளின் கலந்த தீனைக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளியாகின. கோழிகளின் குடற் பற்றீரியாக்கள் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் மருந்துக்கு அடங்காதவையாயின. ஐந்தாறு மாதங்களுக்குள் பண்ணையில் வாழ்ந்த மனிதரிடமும் அத்தகைய பற்றீரியாக்கள் பெருகின. அவர்கள் அந்த மருந்தைச் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தத் தீனை நிறுத்திய பின் சில மாதங்களில் பெரும்பாலோரிடம் அவை மறைந்தன என்பது எங்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி. ரெற்றாசைக்கிளினைப் பற்றீரியா வெளியே தள்ளுகிறது என்று 1980இல் காட்டியதும் லெவியின் ஆய்வுகூடமே. கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றி வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கம்பைலோபக்டர் பற்றீரியாவில் மருந்தெதிர்ப்பு வளர்ந்ததால், கோழிகளுக்கு என்ரோபுளொக்சசின் கொடுக்கும் அனுமதியை 2005இல் அமெரிக்கா விலக்கிக்கொண்டது. அந்த மருந்து உடலில் ஓரளவு சிப்ரோபுளொக்சசினாக மாறுவது. ஆரோக்கியமான விலங்குகளின் வளர்ச்சிக்காகவும் நோய்த்தடுப்புக்காகவும் அன்ரிபயோட்டிக் கொடுப்பதை நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது.

நன்றாக வேகவைத்தால் பற்றீரியா இறந்துவிடும் என்பதை அறிவோம். ஆனால் கோழி வெட்டிய பலகையிலேயே சம்பலுக்கு வெங்காயம் அரியும் வீடுகள் எத்தனை!

வைத்தியரின் சீட்டின்றி இம்மருந்துகள் விற்கப்படுவதை நிறுத்தவேண்டும் என்பதே எமது முதன்மைக் கோரிக்கை. ஆனால் தடையை மட்டும் போட்டுவிட்டு இருந்தால் அடிபடுவது எங்களைப் போன்ற சிறு வளர்ப்பாளர்தான். காலையில் குஞ்சு சாகத் தொடங்கினால் மாலைக்குள் பாதிக்கூடு போய்விடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களிலிருந்து மிருக வைத்தியரைத் தேடிப் போய்வருவதே ஒருநாள் வேலை. பக்கத்துக் கடையில் தூள் உடனே கிடைக்கிறது. ஆகவே வைத்தியர் எங்கள் பக்கம் வாரத்தில் ஒரு குறித்த நாளாவது வருவதற்கு ஒழுங்கு செய்த பின்னரே சீட்டு விதியை இறுக்கவேண்டும். இராணிக்கெட் தடுப்பூசியும் காலம் தவறாமல் கிடைக்கவேண்டும். தடுப்பூசி கிடைத்தால் தூளின் தேவை பாதியாகக் குறையும் என்பது எமது கணிப்பு. தீன் பைகளில் மருந்து கலந்திருந்தால் அதைத் தமிழில் பெரிதாக அச்சிடவும் செய்யவேண்டும்.

அடுத்து, கோழிக்கடைகளில் மாதிரி எடுத்து மருந்து எச்சத்தோடு பற்றீரியாவையும் பரிசோதிக்கவேண்டும். பம்பியையே தேடும் செலவுமிக்க ஆய்வை நாங்கள் கேட்கவில்லை. மருந்து தோய்த்த சிறு கடதாசி வட்டுக்களை வைத்துச் செய்யும் வழமையான பரிசோதனையே, ஒரே பற்றீரியா பல மருந்துகளுக்குத் தப்புகிறதா என்பதைக் காட்டிவிடும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையினதும் கிழக்குப் பல்கலைக்கழகத்தினதும் ஒத்துழைப்பை இதற்குத் தாங்கள் கோரலாம்.

கோழி ஒரு திணைக்களத்திடமும் நோயாளி இன்னொரு திணைக்களத்திடமும் இருப்பதால், இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடியவர் தாங்களே. அதனாலேயே தனித்தனியே எழுதாமல் தங்களிடம் வந்தோம். அடுத்த மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் இவ்விடயத்தைச் சேர்த்து, சுகாதாரத் துறையினரையும் அழைத்து, எங்களில் இருவருக்கேனும் பேச வாய்ப்பளித்து, கூட்டத் திகதியை எழுத்துமூலம் அறியத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
மண்முனை மேற்கு இறைச்சிக் கோழி வளர்ப்புக் குடும்பங்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்:
மாகாணப் பணிப்பாளர், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், கிழக்கு மாகாணம்.
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மட்டக்களப்பு.